கடைசிப் பேருந்துக்குள் ஒரு பட்டம்: தமிழகத்தில் தொலைவும் உயர்கல்வியும்

1. கேள்வி

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் ஆசனூர், அதற்கும் அப்பால் தாளவாடி. வரைபடத்தில் இது ஈரோடு மாவட்டம்; பழக்கத்தில் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர்தான் பக்கத்துப் பட்டணம். சாலை புலிகள் காப்பகத்துக்குள் போவதால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் தாளவாடிக்கு ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியும் வந்தது. அதுவரை அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மூன்று வழிகள்தாம் இருந்தன. மலையிறங்கிச் சத்தியமங்கலத்திலோ கோபியிலோ தங்கிப் படிக்கலாம். எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் சேரலாம். அல்லது அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது நான்காவதாக ஒரு வழி பிறந்திருக்கிறது. அது எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காமல் விடுகிறது? கல்லூரி ஊருக்கு வந்துவிட்டால் தொலைவு என்ற சிக்கல் முடிந்துவிடுகிறதா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. என் வாதத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தமிழகத்தில் தொலைவு இன்று பெரும்பாலும் ஆளைக் கல்லூரி வாசலில் மறிப்பதில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எத்தனை மணி வரை வகுப்பில் இருக்கலாம் என்பதையே அது முடிவு செய்கிறது. சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

2. இதுவரை அறிந்தவை

தொலைவுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவிய ஆய்வுகளில் டேவிட் கார்டின் 1993ஆம் ஆண்டு ஆய்வு முக்கியமானது. அமெரிக்காவில், கல்லூரி இருக்கும் வட்டாரத்தில் வளர்ந்த இளைஞர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் படித்தார்கள் என்று அவர் காட்டினார். இந்த வேறுபாடு படிக்காத பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் மிகுதியாக இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தொலைவு ஒரு செலவு மட்டுமே; இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே முடிவு. கனடாவில் மார்க் ஃப்ரெனெட் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியாத தொலைவில் பல்கலைக்கழகம் இருந்தால் சேர்வோர் குறைகிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் இன்னும் குறைகிறார்கள்.

இங்கிலாந்து கொஞ்சம் வேறு மாதிரிப் பேசுகிறது. ஸ்டீபன் கிப்பன்ஸ், அன்னா விக்னோல்ஸ் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே உயர்கல்விக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவைத் தொலைவு அதிகம் பாதிப்பதில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்ற தெரிவை வெகுவாகப் பாதிக்கிறது. கல்லூரிகள் அடர்த்தியாக உள்ள நாட்டில் இப்படித்தான் நடக்கும். தமிழகத்துக்குக் கனடாவைவிட இந்த இங்கிலாந்துப் படமே பொருந்துகிறது என்பது என் கணிப்பு.

இந்திய ஆய்வுகளில் இரண்டைத் தவிர்க்க முடியாது. பீகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி கொடுத்த திட்டத்தை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். மாணவியர் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி தொலைவிலிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். மற்றது, தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி கிரிஜா போர்க்கர் செய்த ஆய்வு. பாதுகாப்பானது என்று தோன்றும் வழி கிடைத்தால், தர வரிசையில் மேல்நிலையிலுள்ள கல்லூரியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியில் உள்ள ஒன்றில் சேரவும் மாணவியர் தயாராக இருந்தார்கள். தில்லியில் பேருந்தும் உண்டு, மெட்ரோவும் உண்டு. தொலைவு வழியிலும் இருக்கிறது, வழியில் நிற்பவர்களிடமும் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு சொல்லிவிட்டது.

மிதிவண்டியைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழகத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருவது 2000களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. மேல்நிலைப் பள்ளி மிதிக்கும் தொலைவில் இருக்கும், கல்லூரி இருக்காது. மிதிவண்டி எட்டும் எல்லைக்கு அப்பால் பேருந்தின் அதிகாரம் தொடங்குகிறது.

3. எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

கல்லூரி அடர்த்திக்கும் சேர்க்கைக்கும் நேரான உறவு இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு அதைக் கலைத்துவிடுகிறது. 2020-21 கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயதுடைய ஒரு லட்சம் பேருக்குக் கர்நாடகத்தில் 62 கல்லூரிகள் இருந்தன, தமிழகத்தில் 40. ஆனால் அந்த வயதினரில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் தமிழகத்தில் 47 சதவீதத்தைத் தொட்டது. கர்நாடகத்தில் அது 36 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கட்டடங்களின் எண்ணிக்கையைத் தவிர வேறு ஏதோ ஒன்று இங்கே வேலை செய்திருக்கிறது.

அந்த வேறொன்றில் பெரும்பங்கு போக்குவரத்துக்கு உரியது என்பேன். சிற்றூருக்கும் அரசுப் பேருந்து, 1997இல் தொடங்கிய மினி பேருந்து, மாணவர் பயண அட்டை, தனியார் கல்லூரிகளின் மஞ்சள் பேருந்துகள் எல்லாம் சேர்ந்து ஒரு கல்லூரியின் எல்லையை நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வரை இழுத்து நீட்டியிருக்கின்றன. மேல்நிலைப் பள்ளிகளின் பரவல், இடஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை போன்ற காரணங்களும் உண்டு. அவற்றைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். பேருந்தைப் பற்றித்தான் போதிய அளவு எழுதவில்லை.

இந்தக் கணக்கெடுப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. மாணவரை அவருடைய கல்லூரி இருக்கும் இடத்தில்தான் அது எண்ணுகிறது. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது கணக்கில் வராது. நாமக்கல்லிலும் கோவையிலும் தனியார் கல்லூரிகள் நிறைந்திருப்பதால் அங்கே எண்ணிக்கை பெருகும். அங்கே வந்து படிக்கும் தருமபுரி, இராமநாதபுரம் பிள்ளைகள் தங்கள் மாவட்டக் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள். ஆகவே மாவட்டவாரியான சேர்க்கை விகிதத்தை வைத்து ‘இந்த மாவட்டம் பின்தங்கியது’ என்று சொல்வதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தொலைவை அளக்க வேண்டிய கருவியே தொலைவைத் துடைத்துவிடுகிறது.

பள்ளிக் கல்வியில் நிலைமை இப்படி இல்லை. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் எண்ணால் சொல்கின்றன. உயர்நிலைப் பள்ளிக்கு 5 கிலோமீட்டர் என்று திட்ட ஆவணங்கள் சொல்கின்றன. கல்லூரிக்கு அப்படி ஓர் எண் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் ஒவ்வொரு மாவட்டத்திலும் அல்லது அதன் அருகில் ஒரு பெரிய பல்துறை நிறுவனம் இருக்க வேண்டும் என்கிறது. ‘அருகில்’ என்ற சொல்லுக்குள் எத்தனை மலைகள் அடங்கும் என்று அந்தக் கொள்கை கேட்டுக்கொள்ளவில்லை. நிறுவனங்கள் 3000 மாணவர்களுக்கு மேல் கொண்டவையாக வளர வேண்டும் என்பதும் அதன் இலக்கு. 2018-19இல் இந்தியக் கல்லூரிகளில் 4 சதவீதமே அந்த அளவைத் தாண்டியிருந்தன. சிறிய கல்லூரிகளை இணைத்துப் பெரிதாக்கினால் நூலகமும் ஆய்வகமும் மேம்படலாம். ஆனால் ஒருத்தியின் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இடையே இன்னொரு பேருந்து மாற்றம் கூடிவிடும்.

4. கிலோமீட்டரா, கால அட்டவணையா?

கல்லூரி 30 கிலோமீட்டர் என்பதற்குத் தனியே ஒரு பொருளும் இல்லை. காவிரி டெல்டாவின் நேர்சாலையில் அது ஒரு மணி நேரம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வேறு கணக்கு. முதல் பேருந்து எத்தனை மணிக்கு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, நடுவில் எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும், இறங்கும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்ற நான்கும் தெரிந்தால்தான் தொலைவு தெரியும்.

அரசுக் கல்லூரிகளில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு சுழற்சி முறை பரவியது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் இன்னொரு கூட்டம். இடங்கள் கிட்டத்தட்ட இரட்டிப்பாயின. கல்லூரி கட்டாமலேயே கல்லூரி கட்டிய கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் ‘ஷிப்ட் டூ’வில் இடம் கிடைத்த பெண் மாலையில் வகுப்பு முடிந்து நிறுத்தத்துக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். ஊர்ப்பக்கம் போகும் நகரப் பேருந்திலிருந்து இறங்கி இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால், வீட்டில் பேச்சு எழும். கலந்தாய்வு நாளில் “ஷிப்ட் ஒன்ல இல்லைன்னா வேண்டாம் சார்” என்று தகப்பனார்கள் சொல்வதைக் கேட்காத பேராசிரியர் இருக்க முடியாது. இந்த வாக்கியம் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறுவதில்லை. அந்தப் பெண் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில், வாசலிலிருந்து வாசல் வரை ஓடும் கல்லூரிப் பேருந்தில் சேர்ந்திருப்பாள். கணக்கில் அவளும் ‘உயர்கல்வி பெற்றவள்’. அவள் வீடு பேருந்துக் கட்டணமாக ஆண்டுதோறும் கட்டிய தொகையை மாலை நேரத்து இருட்டுக்குச் செலுத்திய வரி என்றே சொல்ல வேண்டும்.

சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் இந்தக் கணக்கை ஓரளவு மாற்றியது. ஆனால் அந்தத் திட்டம் ‘நகரப் பேருந்து’ என்ற வகையோடு கட்டப்பட்டிருந்தது. மலைகளில் அந்த வகைப் பேருந்தே அரிது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வால்பாறையிலும் உள்ள பெண்கள் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் வெளியில் நின்றார்கள். 2024இல்தான் அங்கே நீட்டிப்பு வந்தது. எங்கே தொலைவு மிகக் கடுமையோ அங்கேதான் சலுகை கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. சமவெளியை மனத்தில் வைத்து வரைந்த திட்டம் மலையேறும்போது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

5. தெரிவு சுருங்கும் விதம்

புதிதாகத் தொடங்கும் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஐந்து பாடப் பிரிவுகள் இருக்கும்: தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணிதம் அல்லது ஓர் அறிவியல் பாடம், கணினி அறிவியல் என்ற சாயலில். பக்கத்துக் கல்லூரி என்பது பக்கத்துப் பாடங்கள் என்றும் பொருள்படும். புவியியலையோ நுண்ணுயிரியலையோ விரும்பும் பிள்ளைக்குத் தன் வட்டாரத்தில் அந்தப் பாடம் இல்லையென்றால், விருப்பமே மெல்ல மாறிவிடுகிறது. “எனக்கு பி.காம்.தான் பிடிக்கும்” என்று ஒரு பெண் சொன்னால், அதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பேருந்து வழித்தடம் என்று பிரித்தறிய எந்த வினாத்தாளாலும் முடியாது. பொருளியலாளர்கள் ‘விருப்பத்தேர்வு’ என்று எழுதும் இடத்தில் சமூகவியலாளர் கொஞ்சம் தயங்கி நிற்பது நல்லது.

தொழிற்கல்வியில் அரசே இதை உணர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் 2021இலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்றுக்கொண்டது. இடம் கொடுத்தால் மட்டும் போதாது, தங்கவும் வைக்க வேண்டும் என்ற ஒப்புதல் அது. கலை அறிவியல் மாணவருக்கு அந்த ஒப்புதல் வேறு வடிவில், வேறு அளவில் வந்தது: 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய், 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவருக்கும் அதே தொகை. ஆயிரம் ரூபாய் போகவரச் செலவுக்கு உதவும். வெளியூரில் ஓர் அறைக்குப் போதாது. ஆக, ஒரே அரசின் பார்வையில் தொலைவுக்கு இரண்டு தரங்கள் உருவாகிவிட்டன. பொறியியல் மாணவர் தொலைவைத் தாண்டலாம். கலைக் கல்லூரி மாணவர் தினமும் அதில் போய்வரலாம்.

6. பல்கலைக்கழகம் என்னும் தூரத்து அலுவலகம்

இதுவரை கல்லூரியைப் பற்றியே பேசினேன். பல்கலைக்கழகம் இதில் எங்கே? 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடந்தது கல்லூரிகளில். மதுரை 1966, பாரதியார், பாரதிதாசன் 1982, மனோன்மணியம் சுந்தரனார் 1990, பெரியார் 1997, திருவள்ளுவர் 2002 என்று அது பிரிந்து பிரிந்து பரவியபோதும் இணைப்புக் கல்லூரி முறை மாறவில்லை. பெரும்பாலான மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது மதிப்பெண் பட்டியலின் தலைப்பு. அரியர் தாள், மறுமதிப்பீடு, இடப்பெயர்வுச் சான்று என்று ஏதாவது சிக்கிக்கொள்ளும்போதுதான் அதன் தொலைவு உறைக்கிறது.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் வேலூரிலிருந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. கல்வராயன் மலையடிவாரத்து மாணவர் ஒருவர் ஒரு சான்றிதழுக்காக வேலூர் போய்வர ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போகும். இந்தத் தொலைவைக் காரணமாகக் காட்டியே விழுப்புரத்தில் தனிப் பல்கலைக்கழகத்துக்கு 2021 தொடக்கத்தில் சட்டம் இயற்றினார்கள். ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சட்டமன்றம் அதைச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க முடிவு செய்தது. கட்சிச் சண்டையாகவே பத்திரிகைகள் இதை எழுதின. தொலைவின் கண்ணால் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மூன்று மாவட்டங்களின் மாணவர்கள் ஓர் ஆண்டுக்குள் மூன்று ஊர்களை நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் படித்த வகுப்பறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தொலைவுக்கு அஞ்சல்வழியே விடை தேடிய காலமும் ஒன்று உண்டு. மதுரை 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல். ஆசிரியர்கள், எழுத்தர்கள், திருமணமான பெண்கள் என்று ஒரு தலைமுறையே அந்தப் பழுப்பு உறைகளால் பட்டம் பெற்றது. அதை மட்டமாகப் பேசுவது நம் கல்வியாளர்களுக்கு வழக்கம், எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உறைக்குள் ஆய்வகத்தை அனுப்ப முடியாது. தோழர்களையும் அனுப்ப முடியாது.

ஓர் இடைக்குறிப்பு: மாநில அரசு பெண்களுக்கென்று 1984இல் தொடங்கிய அன்னை தெரசா பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் கொடைக்கானல். காற்று நல்லதுதான்.

7. விடுதி, அல்லது இரவை யாருக்குக் கொடுப்பது

தொலைவுக்கு எதிராக அரசு எடுக்கக்கூடிய வழிகள் அடிப்படையில் இரண்டு. கல்லூரியை மாணவரிடம் கொண்டுபோகலாம். மாணவரைக் கல்லூரியிடம் கொண்டுவந்து தங்கவைக்கலாம். தமிழகம் கடந்த இருபது ஆண்டுகளில் முதல் வழியில்தான் வேகமாகப் போயிருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளும் இருக்கின்றன; 2025இல் அவற்றுக்குச் சமூக நீதி விடுதிகள் என்று பொதுப்பெயரும் வந்தது. ஆனாலும் அரசியல் மேடையில் புதிய கல்லூரிக்குக் கிடைக்கும் கைதட்டல் புதிய விடுதிக்குக் கிடைப்பதில்லை. கல்லூரி தொகுதிக்கு வரும் சொத்து. விடுதியோ வேறொரு தொகுதியில், வெளியூர்ப் பிள்ளைக்காகக் கட்டுவது.

விடுதியின் பயன் தூங்கும் இடத்தோடு முடிவதில்லை. நூலகத்தில் எட்டு மணி வரை இருக்கலாம். ஆய்வகத்தில் தவறிய சோதனையை மாலையில் மறுபடி செய்யலாம். போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கலாம். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் பேருந்தில் போகும் மாணவிக்கு இவை எதுவும் இல்லை. வீடு திரும்பினால் தண்ணீர், அடுப்பு, தம்பியின் வீட்டுப்பாடம் காத்திருக்கும். விடுதியில் இருப்பவருக்கு இரவு சொந்தம். போய்வருபவருக்கு அது வீட்டுக்குச் சொந்தம். எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. வெளியூர் விடுதி என்றால் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள், பக்கத்துக் கல்லூரி என்றால்தான் பட்டமாவது கிடைக்கும் என்பார்கள். முதல் தலைமுறைக்கு இது உண்மை. இன்று சேரும் பெண்களில் கணிசமானோரின் அக்காவோ சித்தியோ ஏற்கெனவே பட்டம் பெற்றவர். அவர்களுக்கும் அதே வாதத்தை அப்படியே நீட்டுவது சரியா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

இலங்கையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பல்கலைக்கழக அனுமதியை முடிவு செய்வது ஒரு மத்திய ஆணைக்குழு. 1970களில் அந்த அனுமதி முறையில் புகுத்திய ‘தரப்படுத்தல்’ தமிழர் நெஞ்சில் ஆறாத வடுவாக நின்றது; அதன் தொடர்ச்சியாக உருவான மாவட்ட ஒதுக்கீட்டில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் நாடு தழுவிய திறன் அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகையின்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அதன் நியாய அநியாயம் தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு: அந்த ஒதுக்கீடு மாணவர் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதைப் பார்க்கிறது, பல்கலைக்கழகம் அவர் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைப் பார்ப்பதில்லை. மன்னார்ப் பிள்ளை பேராதனைக்குப் போகலாம், காலிப் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கு வரலாம். விடுதியும் வாடகை அறையும் இருப்பதாக அந்த முறை எடுத்துக்கொள்கிறது. நாம் பேருந்து இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம்.

8. அட்டையில் இரண்டு ஊர்கள்

அரசுக் கல்லூரி மாணவரின் பயண அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். புகைப்படம், கல்லூரி முத்திரை, அதற்குக் கீழே புறப்படும் ஊர், சேரும் ஊர். அந்த இரண்டு பெயர்களுக்கு இடையே மட்டுமே அது செல்லும். மாவட்ட மைய நூலகம் அடுத்த ஊரில் இருந்தால் நடத்துநர் டிக்கெட் கேட்பார். வேறு கல்லூரியில் ஒரு கருத்தரங்கம், ஒரு வேலைவாய்ப்பு முகாம், முதுகலைக்கு ஒரு நுழைவுத் தேர்வு எதற்கும் அது உதவாது. கட்டணமில்லாப் பயணம் வந்தபின் மாணவிக்காவது நகரப் பேருந்து ஓடும் இடமெல்லாம் போக முடிகிறது. மாணவன் இன்னும் அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவிலேயே இருக்கிறான்.

ஒரு கல்லூரியின் எல்லா அட்டைகளிலும் உள்ள ‘புறப்படும் ஊர்’ பெயர்களை எடுத்து, அந்த ஊர்களின் முதல் பேருந்து, கடைசிப் பேருந்து நேரங்களோடு சேர்த்து வரைந்தால், எந்தக் கணக்கெடுப்பும் தராத ஒரு வரைபடம் கிடைக்கும். அந்த அட்டைகளில் ஒருபோதும் வராத ஊர்ப் பெயர்கள் எவை என்பதும் அதில் தெரியும். தகவல் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, கல்லூரி அலுவலகத்தில் ஒரு பதிவேட்டிலும் பணிமனையில் ஒரு பலகையிலும்.